மூடி சரியாகத் திருகாத குப்பி

பாலக்கோடு சாலையில்
லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் பின்னால்
எங்கள் தகரக் கொட்டகை.
சாடிக்குள் பதினைந்து சிர்கோனியா குண்டுகள்,
ஒவ்வொன்றும் நாவல்பழத்தளவு.
தண்ணீர் வேண்டாம், அமிலம் வேண்டாம்,
அடித்தே மாற்றும் வேதியியல்.
குடங்கள் வரிசையில் நிற்கும் தருமபுரிக்கு
இதுதான் பொருந்தும் என்று எழுதித்தான்
நிதி வாங்கினேன்.

இன்றைய சரக்கு,
மருத்துவமனை கழித்துப் போட்ட படுக்கை விரிப்பு.
சோடாவில் நூறு முறை வெந்து
பருத்தி மட்டும் மிஞ்சிய துணி.
ஓரத்தில் நீல மையில் 'வார்டு 6'.
அந்த எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்தேன்.
மை கலந்தால் முடிவு பிசகும்.

துணி கிழியும். யாருக்கும் தெரியும்.
அதற்குள் கிழியாத ஒன்று இருக்கிறது:
சர்க்கரைக் கண்ணிகள் ஆயிரமாயிரமாய்க் கோத்த சங்கிலிகள்,
ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு
எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து
நெருக்கிப் படுத்திருக்கின்றன.
தண்ணீர் இடுக்கில் நுழையாது.
நம் வயிறு எத்தனை நாள் வைத்திருந்தாலும் கரைக்காது.
அதன்மேல்தான் குண்டு விழுகிறது.

ஓட்டுபவன் திம்மராயன்.
பத்து வருஷம் கிரானைட் குவாரி,
பிறகு நுரையீரல் படம் பார்த்து டாக்டர் சொன்னதும் இங்கே.
பத்து நிமிஷம் ஓட்டம், பத்து நிமிஷம் ஓய்வு,
இல்லாவிட்டால் சூட்டில் மாவு பழுப்பேறும்.
ஓடும்போது கண்ணை மூடிக்கொள்வான்.
"கலகலன்னு இருந்துச்சு மேடம்,
இப்ப தொம்மு தொம்முன்னுது.
செவுத்தோட அப்பிக்கிச்சு."
திறந்தால் அப்படியே.
சுரண்டிவிட்டு மறுபடி.

போன மாதம் கேழ்வரகு ஸ்டார்ச்.
குறுக்கொளி நுண்ணோக்கியில்
ஒவ்வொரு துகளின் நடுவிலும் ஒரு பெருக்கல் குறி மின்னும்.
அரைக்க அரைக்க ஒவ்வொன்றாக அணைந்தது.
மிச்ச மாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன்,
இறுகிக்கொண்டது.
திம்மராயன் கரண்டியை நட்டுப் பார்த்தான். நின்றது.
"அடுப்பே இல்லாம களி! திங்கலாமா?"
கூடாது என்றேன். குண்டு தேய்ந்த பொடியும் அதில் இருக்கும்.
முகம் வாடிப்போயிற்று.

விரிப்புக்கு எட்டு மணி நேரம்.
நடுவில் மின்வெட்டு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
தோள்களிலிருந்து கைகள் நழுவின,
சங்கிலிகளே அறுந்து குட்டையாயின,
யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத கும்பல்.
வெளியே பார்க்க வெறும் வெள்ளை மாவு.
விரலில் தேய்த்தால் டால்கம் பவுடர்.

எக்ஸ்ரே கருவி சேலத்தில்.
முதல் குப்பிக்கு வந்த கோட்டில்
பழைய முகடுகள் எதுவும் இல்லை,
சோம்பலாக ஒரே மேடு.
இரண்டாவது குப்பி ஐப்பசியில் பேருந்தில் போனது.
தோப்பூர் கணவாயில் மழை,
ஜன்னலோர இருக்கை,
மூடியைத் திருகியது நான்தான்.

ஜெயக்கொடி போன் செய்தாள்:
"சாம்பிள் ஈரம் குடிச்சுக் கெட்டுப்போச்சு மேடம்.
பன்னெண்டு டிகிரில ஏதோ புதுசா எழுந்திருக்கு."
படத்தை அனுப்பச் சொன்னேன்.

சிறு முகடு. பருத்திக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை.
உதிர்ந்தவை தண்ணீர் பட்டதும்
மறுபடி கைகோத்திருக்கின்றன,
பழைய வரிசையில் அல்ல.
ஒன்றின் தலைமாட்டில் அடுத்ததன் கால்.

அந்த வார்டில் ஒரு வாரம் இருந்திருக்கிறேன்,
தம்பிக்கு டெங்கு.
ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்.
அவன் தலை ஜன்னல் பக்கம்,
பெயர் கேட்டுக்கொள்ளாத பென்னாகரத்துக்காரர் தலை கதவுப் பக்கம்.
அப்படிப் படுத்தால்தான் இடம் போதும்.
தூக்கத்தில் இருவரும்
ஒருவர் பாதத்தை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

நோட்டில் 'கெட்டது' என்று எழுதியிருந்தேன்.
அடிக்கவில்லை.
பக்கத்தில் பன்னிரண்டு என்று போட்டு
வட்டமிட்டேன்.
திம்மராயன் அடுத்த துணியைக் கத்தரிக்கிறான்,
இதில் எந்த வார்டு என்று
மை மங்கிவிட்டது.